கராஜ் கேள்வி பதில்: பழைய ஹைபிறிட் பீல்டர் எடுக்கலாமோ?

இந்த முறை வந்த கடிதங்களில் கூடுதலானவை ஹைபிறிட் (பெற்றோல் என்ஜினும் பற்றரி மோட்டரும் சேர்ந்து ஓட்டுகிற) ஸ்ரேசன் வாகன் பற்றியவை. காரணம் எல்லாருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் கார் இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திறந்தபோது வரியைக் கேட்டுவிட்டுக் கனபேர் பேசாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆகவே நாட்டுக்குள் ஏற்கெனவே ஓடுகிற 2013, 2014, 2015 வண்டிகள்தான் கை மாறிக் கை மாறி வருகின்றன. லொறி கிளச், முச்சக்கரவண்டிக் காபரேற்றர் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த மாதம் பார்ப்போம்.

நானும் மனைவியும் ஆசிரியர்கள். 2014ஆம் ஆண்டு ரொயோட்டா பீல்டர் ஹைபிறிட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீற்றரில் 88,000 கிலோமீற்றர். "பற்றரி புதுசு மாஸ்ரர், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ" என்கிறார் புறோக்கர். எதைப் பார்த்து எடுப்பது?
– ஆசிரியர், சாவகச்சேரி

கண்ணைத் திறந்துகொண்டே எடுங்கோ மாஸ்ரர். நல்ல வண்டிதான். 1500 சிசி என்ஜின், செயின் போட்டது, பெல்ற் அறுகிற கவலை இல்லை. கியர்பொக்சிலும் பெல்ற் கிடையாது, கிளச் கிடையாது, பல்லுச் சக்கரங்களும் இரண்டு மோட்டரும்தான். ஒழுங்காக ஒயில் மாற்றிய வண்டியில் இந்த என்ஜின் தேய்ந்து வந்து நான் கண்டது மிகக் குறைவு. சில்லறை வேலை வருவது வேறு இடங்களில். பின் சீற்றுக்குக் கீழே இருக்கிற பற்றரி அதில் முதலாவது.

அந்தப் பற்றரி ஒரே கட்டி இல்லை. 7.2 வோல்ட் துண்டுகள் இருபது, வரிசையாகக் கோர்த்து 144 வோல்ட். "புதுசு" என்று சொல்லி விற்கப்படுவதில் மூன்று வகை உண்டு. முகவரிடம் வாங்கிப் பூட்டிய அசல் புதுப் பற்றரி ஒன்று. வேறு நிறுவனங்கள் செய்த புதுத் துண்டுகளைப் போட்டுக் கட்டியது இன்னொன்று. மூன்றாவது, அடிபட்ட வண்டிகளில் கழற்றிய பழைய துண்டுகளில் நல்லதாகத் தெரிந்தவற்றைப் பொறுக்கிக் கோர்த்தது. மூன்றும் ஓடும். மூன்றுக்கும் ஒரே விலை கொடுப்பதுதான் விசர்வேலை. புறோக்கரிடம் பில் கேளுங்கோ. பில் இல்லையென்றால் மூன்றாவது வகை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கோ.

அடுத்தது மீற்றர். 88,000 உண்மையாக இருக்கலாம், 188,000 ஆகவும் இருக்கலாம். செசி நம்பர் என்கேஈ165 என்று தொடங்கும். அதை வைத்து ஜப்பான் ஏல விற்பனைத் தாளைத் தேடி எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், சின்னக் கட்டணம். ஏலத்தில் விற்ற நாளில் எத்தனை கிலோமீற்றர், எங்கே கீறல், அடிபட்டுத் திருத்தியதா என்பதெல்லாம் அதில் இருக்கும். தரம் என்ற கட்டத்தில் ஆர் என்று இருந்தால் விபத்தில் திருத்திய வண்டி. புறோக்கர் தானே ஒரு தாளை நீட்டினால் வாங்கி வைத்துக்கொண்டு, நீங்களும் தனியாக ஒன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. தாள் கிடைக்காவிட்டால் பிறேக் பெடல் றப்பரையும் ஸ்ரியறிங் தோலையும் பாருங்கோ. 88,000 ஓடிய வண்டியில் றப்பரின் வரி அழிந்திருக்காது.

பிறகு ஒரு மெக்கானிக்கை ஸ்கேனரோடு கூட்டிக்கொண்டு போங்கோ. எல்லாரும் "கோட் (பழுதைக் காட்டுகிற குறி) இருக்கா" என்று பார்த்துவிட்டு, இல்லை என்றதும் சந்தோசப்படுவார்கள். விற்கிறவரும் ஸ்கேனர் வைத்திருப்பார் என்பதை மறந்துவிடுவார்கள். கோட்டை அழித்தபிறகு வண்டி ஓடிய தூரம் என்று ஸ்கேனரில் ஒரு வரி வரும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தால் நல்லது. 6 கிலோமீற்றர் என்று காட்டினால், நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்து காலையில் அழித்திருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பற்றரித் துண்டுகளின் வோல்ட்டேஜைத் திரையில் திறந்து வைக்கச் சொல்லுங்கோ. இரண்டு இரண்டு துண்டாக, ஒவ்வொன்றும் 14, 15 வோல்ட் அளவில் காட்டும். சும்மா நிற்கும்போது எல்லாம் நல்ல பிள்ளைகளாக ஒரே அளவில் நிற்கும். அக்சிலறேற்றரை ஆழ மிதித்து இழுவை கொடுக்கும்போதுதான் நொந்தது எது என்று தெரியும். அந்த நேரம் ஏதாவதொன்று மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அது நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. (ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். எங்கட பக்கத்தில் ஏற்றத்துக்கு எங்கே போவது? சங்குப்பிட்டிப் பாலம் வரைக்கும் போகத்தான் வேணும்.) ஸ்கேனர் கிடைக்காத இடத்தில், ஏசியை முழுக்கப் போட்டுக்கொண்டு ஒரு பத்து நிமிடம் நின்ற இடத்தில் நில்லுங்கோ. திரையில் பற்றரிக் கோடுகள் மடமடவென்று இறங்கி, என்ஜின் பற்றியதும் மடமடவென்று நிரம்பினால் உள்ளே கொள்ளளவு போய்விட்டது. நல்ல பற்றரி ஆறுதலாக ஏறும், ஆறுதலாக இறங்கும்.

வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு நாடு முழுக்க எத்தனை வண்டி தண்ணீருக்குள் நின்றது என்று எல்லாரும் பார்த்தோம். சீற் பெல்ற்றை முடிவுவரை இழுத்து, கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கோ. சீற்றைக் கழுவுகிறவர்கள் அந்த ஒரு அடியைக் கழுவுவதில்லை. சீற் பூட்டிய ஆணிகளில் துரு இருக்கிறதா என்றும் ஒரு கண் விடுங்கோ. இந்த வண்டியில் பற்றரி தாழ்வாக இருப்பதால் வெள்ளம் பட்ட ஹைபிறிட்டை நான் எந்த விலைக்கும் எடுக்கச் சொல்லமாட்டேன்.

பதிவுப் புத்தகத்தில் அப்சலூட் ஓனர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனிப் பெயர் இருந்தால், அது வெட்டப்படும்வரை முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக வந்தால், ஒரு புதுப் பற்றரியின் அன்றைய விலையை விசாரித்து அதில் பாதியையாவது வண்டி விலையில் குறைத்துக் கேளுங்கோ. பத்து வயது தாண்டிய வண்டி, இன்றைக்கோ மூன்று வருடத்தாலோ அந்தச் செலவு வரும். ரயரும் தேயும், பற்றரியும் தேயும். வாங்கும்போதே கணக்கில் எடுத்தவருக்குப் பிறகு நெஞ்சிடி இல்லை.

நான் வெங்காயச் செய்கை. பீல்டர் ஹைபிறிட்டில் பின் சீற்றை மடித்து மூட்டை ஏற்றித் திருநெல்வேலிச் சந்தைக்குப் போவேன். இப்ப கொஞ்ச நாளாகப் பின்னால் ஹெயார் டிறையர் போட்டது போல ஒரு இரைச்சல். வண்டி இழுவையும் குறைவு. பற்றரி முடிஞ்சுதோ அண்ணை?
– விவசாயி, புன்னாலைக்கட்டுவன்

பற்றரி முடியவில்லை, மூச்சு முட்டுது. பின் சீற் ஓரத்தில் கீழே ஒரு சின்ன வலைச்சன்னல் இருக்கிறதைக் கவனித்திருக்கமாட்டீர்கள். பற்றரிக்குக் காற்று போகிற வழி அதுதான். கார் உள்ளே இருக்கிற ஏசிக் காற்றைத்தான் அந்தக் காற்றாடி இழுத்துப் பற்றரிக்கு ஊதும். வழி அடைத்தால் பற்றரி சூடேறும், சூடேறினால் காற்றாடி இன்னும் வேகமாகச் சுற்றும். நீங்கள் கேட்கிற இரைச்சல் அதுதான். அதற்கும் மேல் சூடு போனால் கொம்பியூட்டர் பற்றரியிடம் வேலை வாங்குவதைக் குறைத்துவிடும், இழுவை குறையும்.

உங்களைப் போல மூட்டை ஏற்றுகிற ஒருவருடைய வண்டி அண்மையில் கராஜுக்கு வந்தது. சீற்றைக் கழற்றிக் காற்றாடிக் கூட்டைத் திறந்தால், உள்ளே சின்ன வெங்காயச் சருகு. மெல்லிய ஊதா நிறச் சருகு காற்றாடியின் ஒவ்வொரு இடுக்கிலும் சுருண்டு, தூசியோடு ஒட்டிக் கம்பளி மாதிரிப் படிந்துபோய் இருந்தது. அதற்குள் இரண்டு செத்தல் மிளகாய்க் காம்பும். துப்புரவாக்கிப் பூட்டியதும் இரைச்சல் நின்றது. பற்றரித் துண்டுகளை அளந்தோம், நடுவில் இருந்தவை மட்டும் கொஞ்சம் நொந்திருந்தன. எப்போதும் நடுவில் இருப்பவைதான் கூடச் சூடாகும்.

வலைச்சன்னலை நீங்களே மாதத்துக்கு ஒருக்கால் வக்யூம் போட்டு இழுக்கலாம். கொம்பிறசர் காற்றை வெளியிலிருந்து அடிக்கவே கூடாது, இருக்கிற சருகெல்லாம் உள்ளே பற்றரிக்குப் போய்ச் சேரும். உள்ளே காற்றாடியைத் துப்புரவாக்குவதைத் தெரிந்தவரிடம் விடுங்கோ, பக்கத்தில் பெரிய பற்றரியின் மின்சாரம் போகிற செம்மஞ்சள் வயர் இருக்குது. மூட்டை ஏற்றும்போது கீழே படங்கை விரித்து, வலைச்சன்னலை மறைக்காமல் ஒரு சாண் இடம் விடுங்கோ. வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது உங்களுக்காக இல்லாவிட்டாலும் பற்றரிக்காக ஏசியைப் போடுங்கோ. பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏசியை நிறுத்திக் கண்ணாடியைத் திறந்து புழுதிக்குள் ஓடுகிறவர்கள்தான் பற்றரிக்குச் சீக்கிரம் காசு கட்டுகிறார்கள்.

இன்னொன்று. ஜப்பான்காரன் ஆளுக்கு 55 கிலோ என்று ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டுத்தான் இந்த வண்டியின் சுமையை எழுதியிருக்கிறான். அதாவது 275 கிலோ. ஓட்டுகிற உங்களோடு ஐம்பது கிலோ மூட்டை நாலு. ஏழு மூட்டை ஏற்றுகிறவர் என்றால் உங்களுக்கு வேண்டியது வேறு வாகனம்.

பீல்டர் ஹைபிறிட்டுக்கு 92 பெற்றோல் அடிப்பதா, 95 அடிப்பதா?
– வாசகி, மானிப்பாய்

92 காணும். ஜப்பானில் இந்த என்ஜினுக்குச் சாதாரணப் பெற்றோல்தான் சொல்லியிருக்கிறார்கள். 95 அடித்தால் கெடுதல் இல்லை, மிச்சமும் இல்லை. என்ஜின் ஒயில் மட்டும் மெல்லியது, 0டபிள்யூ-20 போடுங்கோ. ஜப்பான் சோதனைக் கணக்கில் லீற்றருக்கு 33 கிலோமீற்றர் என்று எழுதியிருப்பதை நம்பி ஓடிவிட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். எங்கட றோட்டில் 20க்கு மேல் வந்தால் வண்டி சுகமாக இருக்கிறது. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றபோது, அந்த 20 லீற்றரோடு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போய்ச்சேர்ந்தவை இப்படியான வண்டிகள்தானே.

பீல்டரில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. ஸ்கேன் பண்ணினால் பி0ஏ80 (P0A80) என்ற கோட். ஒரு மெக்கானிக் "இரண்டு துண்டு மாற்றினால் காணும்" என்கிறார், இன்னொருவர் "முழுப் பற்றரியும் மாற்று" என்கிறார். யூரியூப் பார்த்து நானே செய்யலாமோ என்றும் யோசிக்கிறேன்.
– இளைஞர், மன்னார்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். 144 வோல்ட் நேர்மின்னோட்டம் பிடித்தால் விடாது. பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றினாலும் முன்னால் இன்வேற்றருக்குள் (பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு மாற்றிக் கொடுக்கிற பெட்டி) மின்சாரம் தேங்கி நிற்கும், அது வடிய பத்து நிமிடம் பொறுக்க வேணும். அதற்கென்று உள்ள றப்பர் கையுறை இல்லாமல் நான்கூடக் கை வைப்பதில்லை. சமையலறைக் கையுறையோடு வீடியோ போடுகிறவர்களைப் பார்த்துப் பழக வேண்டாம்.

நீங்கள் மன்னார் என்பதால் ஒன்று கேட்கிறேன். பற்றரியைத் திறந்து பார்த்தார்களா, அல்லது கோட்டை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னார்களா? கடற்கரை வண்டிகளில் துண்டுகளை இணைக்கிற செப்புத் தகடுகளில் பச்சை பூத்துவிடும். நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டும். பண்ணைப் பாலத்தால் தீவுக்கு நாளாந்தம் போய்வருகிற வண்டிகளிலும் இதையே காண்கிறேன். பச்சை பூத்த இடத்தில் வோல்ட்டேஜைப் பிழையாக வாசித்துக் கொம்பியூட்டர் பற்றரி முடிந்தது என்று முடிவுகட்டும். தகடுகளைக் கழற்றித் துப்புரவாக்கி, சரியான இறுக்கத்தில் பூட்டிவிட்டு மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கோ. இழுவை கொடுத்துப் பார்க்கும்போதும் அதே துண்டு விழுந்தால் அது உண்மையிலேயே போனதுதான்.

போனது உறுதியென்றால் இரண்டு துண்டு மாற்றுவது, கிழட்டு மாட்டோடு நாம்பனைப் பூட்டிச் சவாரி விடுகிற வேலை. மீதிப் பதினெட்டும் அதே வயது, அதே சூட்டில் வெந்தவை. சில மாதத்தில் அடுத்தது போகும், பிறகு அடுத்தது. ஒவ்வொரு முறையும் கூலி. அவசரத்துக்கு, காசு சேரும்வரைக்கும் என்றால் செய்யலாம், நானும் செய்து கொடுக்கிறேன். ஆனால் வண்டியை நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் முழுவதையும் மாற்றுங்கோ. கொழும்பில் கட்டித் தருகிற பற்றரி வாங்கினால் "ஒரு வருட உத்தரவாதம்" என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், பழுதானால் யார் வந்து கழற்றுவது, கொழும்புக்கு ஏற்றிப்போகிற செலவு யாருடையது என்பதை எழுதி வாங்குங்கோ. மன்னாரில் இருக்கிறவருக்கு உத்தரவாதத்தைவிட அந்த வரிதான் முக்கியம்.

வண்டி வழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். முன் சில்லு உருண்டால் உள்ளே மோட்டர் சுற்றி மின்சாரம் பிறப்பிக்கும். தட்டு லொறியில் ஏற்றுங்கோ.

நாங்கள் கனடாவில். கோண்டாவில் வீட்டில் பீல்டர் ஒன்று வாங்கி விட்டிருக்கிறோம், வருடத்தில் இரண்டு மாதம்தான் ஓடும். ஒவ்வொரு முறையும் வந்து இறங்கினால் வண்டி செத்துக் கிடக்குது.
– வாசகர், ரொறன்ரோ

ஐயா, ஊரில் இந்தக் கேள்வி இல்லாத ஒழுங்கை இல்லை. செத்துக் கிடப்பது பெரும்பாலும் பெரிய பற்றரி இல்லை, 12 வோல்ட் சின்னப் பற்றரி. கொம்பியூட்டர்களை எழுப்புவது அதுதான். அது இறங்கினால் 144 வோல்ட் சும்மா கிடக்கும், கதவுகூடத் திறக்காது. றிமோட்டுக்குள் ஒரு சாவி ஒளிந்திருக்கிறது, அதை இழுத்து எடுத்துச் சாரதிப் பக்கக் கதவைத் திறக்கலாம்.

ஆனால் பெரிய பற்றரியும் கிடந்தால் மெல்ல மெல்ல இறங்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்காலாவது அரை மணித்தியாலம் ஓட்டவேணும் என்று கைநூலிலேயே இருக்கிறது. "தம்பி வந்து ஸ்ராட் பண்ணி வைக்கிறான்" என்பீர்கள். அந்தத் தம்பி பொத்தானை அமத்திப் பாட்டுக் கேட்டுவிட்டுப் போகிறாரா, 'ரெடி' விளக்கு எரிகிறதா என்று கேளுங்கோ. ரெடி எரியாவிட்டால் பற்றரி ஏறாது, இறங்கும். நியூற்றலில் போட்டு வைத்தாலும் ஏறாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பத்து மாதம் மூடிவைக்கிற வீட்டுக்கு ஹைபிறிட் பொருத்தமில்லை. எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. அந்தக் காற்று வழிக்குள் குட்டி போட்டிருந்ததையும் எடுத்திருக்கிறேன். சாதாரணப் பெற்றோல் பீல்டர் ஒன்றாக மாற்றுங்கோ, இல்லையென்றால் வண்டியை மருமகனிடம் கொடுத்து ஓடவிடுங்கோ. கீறல் விழும்தான், ஆனால் உயிரோடு இருக்கும்.

ஹற்றனிலிருந்து நுவரெலியா, கம்பளை என்று ஓடுகிறேன். இறக்கத்தில் கியரில் உள்ள 'பி' (B) என்ற நிலையைப் போட்டால் என்ஜின் கத்துகிறது. பயமாக இருக்கிறது.
– தோட்ட உத்தியோகத்தர், ஹற்றன்

பயப்பட ஒன்றுமில்லை, அது அதன் வேலையைச் செய்கிறது. றம்பொடை போன்ற நீண்ட இறக்கத்தில் பற்றரி பாதி வழியிலேயே நிரம்பிவிடும். நிரம்பினபிறகு மோட்டர் பிடித்து நிறுத்தாது, முழுப் பாரமும் பிறேக்கில் விழும். 'பி' போட்டால் என்ஜினைச் சுற்றவைத்து அந்த வேகத்தைச் செலவழிக்கிறது. சத்தம் கூடும், பெற்றோல் எரியாது. இறக்கம் முடிந்ததும் 'டி'க்கு வந்துவிடுங்கோ, சமதரையில் 'பி'யில் ஓடினால் நட்டம். நியூற்றலில் உருட்டுகிற பழைய பஸ்காரப் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கோ.

உங்களைப் போல மலையில் ஓடுகிறவர்கள் இன்வேற்றர் கூலன்ற்றைப் பார்க்கவேணும். என்ஜினுக்கு ஒரு ராங்கி, இன்வேற்றருக்குத் தனியாக இன்னொன்று. கனபேருக்கு இரண்டாவது இருப்பதே தெரியாது. வண்டி ரெடியில் நிற்கும்போது அந்த இரண்டாவதில் கூலன்ற் சுற்றுகிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கோ, மேற்பரப்பில் அசைவு தெரியும். அசையாவிட்டால் பம்ப் போய்விட்டது, இன்வேற்றர் போகுமுன் மாற்றுங்கோ. இளஞ்சிவப்பு நிறக் கூலன்ற்தான், குழாய்த் தண்ணீர் இல்லை.

ஹொண்டா ஷட்டில், பிறியஸ் அல்பா, பீல்டர் மூன்றில் எது?
– வர்த்தகர், மட்டக்களப்பு

ஷட்டில் (2015க்குப் பிந்தியது) ஓட்ட இனிமை, பின்னால் இடம் தாராளம், லித்தியம் பற்றரி. ஆனால் கியர்பொக்ஸ் இரட்டைக் கிளச், ஏழு கியர். நெரிசலில் அரக்கி அரக்கி ஓட்டினால் கிளச் சூடாகும். கொழும்பில் ஓடிய ஷட்டிலை யோசித்து எடுங்கோ. கியர் ஒயில் மாற்றிய பில் இருந்து, உங்கள் ஊர் போலத் திறந்த றோட்டில் ஓடப்போவது என்றால் எடுக்கலாம். பிறியஸ் அல்பா 1800 சிசி, பெரிய குடும்பத்துக்கு நல்லது. அதில் ஈஜிஆர் பாதை (புகையில் ஒரு பங்கை என்ஜினுக்குத் திருப்பி அனுப்புகிற வழி) கரி பிடித்து அடைத்து, பிறகு ஹெட் கஸ்கற்வரைக்கும் கொண்டுபோகிற வியாதி உண்டு. காலையில் குளிர் என்ஜின் பற்றும்போது நடுங்கினால் விட்டுவிட்டு வாருங்கோ. என் காசு என்றால் பீல்டர். அழகில்லை, உள்ளே பிளாஸ்ரிக் மலிவு, ஆனால் எந்த ஊரில் நின்றாலும் சாமான் கிடைக்கும்.

ஸ்ராட் பண்ணும்போதெல்லாம் ஒரு ஜப்பான் பெண் ஏதோ ஏசுகிறா. என்ன சொல்லுறா?
– மாணவி, வவுனியா

ஏசவில்லை தங்கச்சி. அதிவேகப் பாதைக் கட்டண அட்டையைப் போடவில்லை என்று சொல்லுறா. அந்த அட்டை ஜப்பானில்தான் செல்லும். டாஷ்போட்டுக்குக் கீழே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று ஒட்டியிருக்கும், அதன் வயரைக் கழற்றினால் நிற்கும். அப்படியே றேடியோவையும் கேளுங்கோ: ஜப்பான் செற் எஃப்எம் 90க்கு மேல் எடுக்காது, எங்கட நிலையங்கள் பாதிக்கு மேல் அதற்கு மேலே. ஏரியல் வயரில் பூட்டுகிற சின்னக் கருவி ஒன்று இருக்கிறது, மலிவு, பத்து நிமிட வேலை.